மஹ்லகாவின் முகத்தைக் காட்டி விற்ற சர்பத்

மஹ்லகா தன் முகத்தை ஒரு சர்பத் விளம்பரத்தில் முதன்முதலாகப் பார்த்தது ஒரு திங்கட்கிழமை, மதியத்துக்குக் கடை அடைக்கப் பத்து நிமிடம் இருந்தபோது. ஷிராஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டித் தேய்ப்பது அவள் வேலை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பின்னறையிலிருந்து வெளியே வந்தால், ஒல்லியான ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிகளைப் பார்க்காமல் மஹ்லகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, தாடையை மறைத்து முகக்கவசம் போட்டிருந்தாள். தாடையை ஏன் மறைக்கிறாள் என்று மஹ்லகாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்பு அவளும் அப்படித்தான் தெருவில் நடந்தாள்.

"கானோம், தப்பா நினைக்காதீங்க. அந்த சர்பத் குடிச்சவங்க நீங்கதானே?" என்றாள், பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லோடு.

"எந்த சர்பத்?"

அந்தப் பெண் கைபேசியை நீட்டினாள். கை நடுங்கியது.

இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் மீசை முளைத்த, கண்ணில் உயிரில்லாத ஓர் இளைஞன். வலப்பக்கம் இதே கடையின் கல்லாவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் மஹ்லகா. கீழே பெரிய எழுத்தில்: 'நாலே மாதம். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, பக்கவிளைவு இல்லை. பெண்மை பூக்க ஹூரி சர்பத்.'

இடப்பக்க முகமும் மஹ்லகாவுடையதுதான், பழைய முகம். அந்தப் படங்களை அவள்தான் போட்டாள், போன வருடம், திருநங்கைகள் மட்டும் இருந்த ஒரு மூடிய குழுவில். படத்துக்குக் கீழே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். மனநல மருத்துவரிடம் போன மாதங்கள், ஹார்மோன் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஒருமுறை ஈரல் கணக்கு ஏறியதும் அளவைக் குறைத்தது, இரண்டு வருடம் பொறுத்தது, எல்லாம். யாரோ அந்த எழுத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"நான் இதை ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல," என்றாள் மஹ்லகா. "நான் சாப்பிட்டது மாத்திரை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. இன்னிக்கும் சாப்பிடறேன்."

"பொய் சொல்றீங்க."

"என்னது?"

"ரகசியத்தைச் சொல்ல மனசில்லாம பொய் சொல்றீங்க. நான் நாலு மாசமா குடிக்கறேன். நாளைக்கு மூணு டம்ளர். உங்க படத்தைப் பார்த்துத்தான் குடிச்சேன். படத்துல பின்னாடி கடைப் பேரு தெரிஞ்சுது, அதை வெச்சுத் தேடிக் கண்டுபிடிச்சு வந்தேன். எனக்கு ஏன் ஒண்ணுமே வரலைன்னு உங்ககிட்ட கேக்கத்தான்..." தொடையைப் பிசைந்துகொண்டாள். "கையெல்லாம் நடுங்குது. மாடிப்படி ஏற முடியல."

பெயர் யெகானே என்றாள். ஊர் காஸெரூன். தையல் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டு இங்கே தங்கியிருந்தாள். கடைப் பெயர் தெரிகிறது என்று அவள் சொன்னதும் மஹ்லகா மறுபடி கைபேசித் திரையைப் பார்த்தாள்; பெயர் தெளிவாகவே தெரிந்தது. அவள் கதை கடை முதலாளி ஒருவருக்குத்தான் தெரியும். இப்போது சர்பத் வாங்க நினைக்கும் எவனுக்கும் தெரியும். இந்த விளம்பரம் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள், "சரி, நான் போறேன்," என்று யெகானே நாற்காலியிலிருந்து எழ முயன்றாள். எழ முடியவில்லை. மறுபடி முயன்றாள். தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"கானோம்," என்றாள் சின்னக் குரலில். "என் கால் எங்க போச்சு?"

மஹ்லகாவும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டாக்ஸியில் ஏற்றினார்கள்.

அவசரப் பிரிவில் முதல் சண்டை எந்தக் கட்டில் என்பதில் வந்தது. யெகானேவின் அடையாள அட்டையில் ஓர் ஆண் பெயர் இருந்தது. செவிலி அட்டையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், "ஆண்கள் பக்கம் தள்ளிட்டுப் போங்க" என்றாள்.

"அங்க எட்டு ஆம்பளைங்க படுத்திருக்காங்க," என்றாள் மஹ்லகா. "இவளால காலைத் தூக்க முடியல. யாராவது கிட்ட வந்தா எழுந்து ஓடக்கூட முடியாது. அங்க விடச் சொல்றீங்களா?"

"பெண்கள் பக்கம் விட்டா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க, கானோம்."

"நான் இப்பவே சண்டைக்கு வந்திருக்கேன். என்னை முதல்ல கவனிங்க."

கடைசியில் நடைபாதையில், ஒரு திரைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. வந்த டாக்டர் இளைஞர். மார்பில் கம்பிகளை ஒட்டி இதயத்தைப் பதிவு செய்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ரத்த அழுத்தம் இருபது வயதுக்கு இருக்கவே கூடாத உயரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர். மூலிகைதான்."

"என்ன மூலிகை?"

மஹ்லகா யெகானேவின் பையைத் துழாவிப் பாதி காலியான பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் சீட்டைப் படித்தார். அதிமதுரம், வெந்தயம், பெருஞ்சீரகம். முதலில் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. மஹ்லகா அதைப் பார்த்தாள், மறக்கவில்லை. பரிசோதனை முடிவு வந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"பொட்டாசியம் ரெண்டு கூட இல்ல, மூணரைக்குக் கீழ போகவே கூடாது," என்றார். "அதிமதுரத்தை இப்படி மாசக்கணக்கா குடிச்சா உடம்புல இருக்கிற பொட்டாசியம் எல்லாம் சிறுநீர்ல போயிடும். தசை வேலை செய்யாது. இதயமும் ஒரு தசைதான், புரியுதா? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." முடிக்கவில்லை. "யார் இதைக் குடிக்கச் சொன்னது?"

யெகானே மஹ்லகாவைப் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. உங்கள் படத்தைச் சொல்லலாமா என்று கேட்கும் பார்வை. அது குற்றம் சொல்வதைவிட மோசமாக இருந்தது.

சலைனில் ஏற்றிய பொட்டாசியத்தால் நரம்பெல்லாம் எரிந்தது. யெகானே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மாலை ஆனபோது கால்விரல்கள் அசைந்தன.

"உங்ககிட்ட முன்னாடியே கேட்டேன்," என்றாள் அப்போது. "குழுவுல. நீங்க படம் போட்ட அன்னிக்கே தனியா எழுதினேன், இதுக்கு நான் யார்கிட்ட போகணும்னு. பதில் வரல. அப்புறம் குழுவிலிருந்தும் என்னைத் தூக்கிட்டாங்க, அடையாள அட்டையை மாத்தாதவங்க வேண்டாம்னு. அதுக்கப்புறம்தான் இந்த விளம்பரம் கண்ணுல பட்டுது. மாத்திரைன்னு நீங்க எழுதினது பொய், இதுதான் நிஜம்னு நம்பிட்டேன்."

மஹ்லகா கைபேசியில் தேடிப் பார்த்தாள். இருந்தது. அன்றைக்கு வந்த எழுபது எண்பது செய்திகளுக்கு நடுவே, திறக்காமல். யெகானேவின் காலடியில் போர்வையை இழுத்து மூடினாள்.

மூன்றாம் நாள் காலை, யெகானே இன்னும் மருத்துவமனையில் இருக்கும்போதே, மஹ்லகா முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பாட்டில் சீட்டில் இருந்த முகவரியைத் தேடிப் பஜாருக்குப் போனாள். ஹூரி சர்பத் விற்பவர் பெயர் ஃபத்தாஹி. மூலிகைக் கடைக்காரர். ஊரில் பாதிப் பேர் அவரை டாக்டர் என்று அழைப்பார்கள், எந்தக் கல்லூரியும் அப்படி அழைத்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டை, விரலில் ஜபமாலை, தேன் தடவிய குரல். கடைக்குள் ஆரஞ்சுப்பூ வடிநீரும் புதினாவும் மணத்தன. வாடிக்கையாளர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சுவரில், வடிநீர்ப் பாட்டில்களுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்த மஹ்லகா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சகோதரி. தூக்கமா, வயிறா, மனசா?"

"ஹூரி சர்பத்."

"உங்களுக்கா?"

"தெரிஞ்ச பிள்ளைக்கு."

ஃபத்தாஹி குரலைத் தாழ்த்தினார். "அந்த மாதிரிப் பிள்ளையா? புரியுது. நிறைய பேர் வர்றாங்க, பாவம். டாக்டருங்க ரசாயனத்தைக் கொடுத்து அதுங்க ஈரலையே உருக்கிடறாங்க. இது ஆண்டவன் முளைக்க வெச்ச செடி, கெடுதலே செய்யாது. அதோ பாருங்க அந்தப் பொண்ணை. முதல் நாள் அழுதுக்கிட்டேதான் வந்துச்சு. என் கையாலதான் பாட்டிலைக் கொடுத்தேன். நாலே மாசம். இப்போ கல்யாணம் ஆகி அஹ்வாஸ்ல இருக்கு."

"அஹ்வாஸ்லயா?"

"ஆமா. போன வாரம்கூடப் போன் பண்ணுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"என்ன சொல்லும்? நன்றி சொல்லி ஒரே அழுகை."

மஹ்லகா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். போய்ச் சுவரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அஹ்வாஸ்ல வெயில் தாங்கல. திரும்பி வந்துட்டேன்."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஃபத்தாஹியின் ஜபமாலை நின்றது. அவருக்கு நிலைமை புரிய இரண்டு மூச்சு ஆனது. கல்லாவைச் சுற்றி வந்து, மஹ்லகாவின் காதருகே பல்லுக்கிடையில் பேசினார்.

"கக்கோ, சத்தம் போடாதே. உள்ள வா, பேசிக்கலாம்."

கக்கோ என்றால் ஷிராஸில் அண்ணே என்று அர்த்தம். ஆண்களை மட்டும் அப்படிக் கூப்பிடுவார்கள். மஹ்லகாவுக்கு மூன்று நாளாக உள்ளே கொதித்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் பொங்கி மேலே வந்துவிட்டது.

"நீங்க எல்லாரும் கேளுங்க," என்றாள் கடை முழுக்கக் கேட்கும்படி. "ஒரு நிமிஷம் முன்னாடி நான் இவருக்கு சகோதரி. என் படத்தை மாட்டிப் பெண்மை பூத்துச்சுன்னு எழுதறப்போ நான் பொண்ணு. கேள்வி கேட்டதும் கக்கோ! அந்தப் படம் ரெண்டு வருஷ மருந்து. டாக்டர் எழுதின மருந்து. மூணு மாசத்துக்கொரு தரம் என் கையைக் குத்தி ரத்தம் எடுத்தாங்க. இந்த ஆளை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன். இவர் சர்பத்தைக் குடிச்ச பொண்ணு ஒருத்தி கால் செத்துப்போய் ஆஸ்பத்திரியில கிடக்கறா. இதோ டாக்டர் எழுதின காகிதம்."

"விஷமா வித்தேன்?" ஃபத்தாஹியின் குரலில் தேன் காய்ந்துவிட்டது. "அதிமதுரம்! ஊரே இருமலுக்குக் குடிக்குது."

"இருமலுக்கு ரெண்டு வாய் குடிப்பாங்க. நீங்க நாளைக்கு மூணு டம்ளர்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. எத்தனை நாளைக்கு? நிறுத்தச் சொல்லி எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

கையில் இரண்டு பாட்டில் வைத்திருந்த பருத்த பெண்மணி ஒருத்தி முன்னால் வந்தாள். "பொண்ணே, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு. மாதவிடாய் நின்ன சூட்டுக்கு இது நல்லதுன்னு இவர்தான் கொடுத்தார். குடிக்கலாமா?"

"வேண்டாம் அம்மா. இது அழுத்தத்தை இன்னும் ஏத்தும். உங்க டாக்டர்கிட்ட கேளுங்க."

பெண்மணி இரண்டு பாட்டிலையும் கல்லாவில் டொக்கென்று வைத்தாள். "டாக்டராம் டாக்டர்," என்று ஃபத்தாஹியைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு வெளியே போனாள்.

"போலீஸைக் கூப்பிடுவேன்," என்றார் அவர். "வந்தா யாரை ஏத்திக்கிட்டுப் போவாங்கன்னு தெரியுமில்ல?"

"கூப்பிடுங்க. நீதிமன்ற ஆணை இருக்கு, பொண்ணுன்னு எழுதின அட்டை இருக்கு. உங்க பாட்டிலுக்கு என்ன இருக்கு? ஒரு அனுமதி எண் இருக்கா?"

அவர் போனைத் தொடவில்லை. மஹ்லகா கையை உயர்த்திச் சுவரில் இருந்த தன் முகத்தை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். கிழிந்த காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, ஃபத்தாஹி பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"என் கதவு காலையில எட்டு மணிக்குத் திறக்கும். அட்டை கேக்க மாட்டேன், அப்பன் கையெழுத்து கேக்க மாட்டேன். உங்க டாக்டருங்க கதவு எத்தனை பேருக்குத் திறக்குது? அந்தப் பிள்ளைங்க ஏன் என்கிட்ட வருதுன்னு வீட்டுக்குப் போய் யோசி."

வீட்டுக்குப் போய் யோசித்தாள். அந்த ஆளின் வாயிலிருந்து வந்ததாலேயே அது இன்னும் எரிந்தது.

சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தாள். அதை வாங்கிய அதிகாரி இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் தலையைக் குனிந்து சிரித்தார். "ரெண்டு பக்கமும் நான்தான்," என்றாள் மஹ்லகா. "திருடினது ஒரே ஆள். அதை எழுதுங்க." அவர் எழுதினார். பத்து நாள் கடைக்கு முத்திரை வைத்தார்கள், அனுமதியில்லாத சீட்டு ஒட்டிய குற்றத்துக்கு. யெகானே பெயர் அந்த உத்தரவில் இல்லை. திருடிய படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினோராம் நாள் ஃபத்தாஹி அதே அலமாரியில் வேறு பெயரில் வேறு நிறப் பாட்டிலை அடுக்கினார். சுவரில் வேறு ஒரு பெண் சிரித்தாள். அவள் எந்த ஊரில் என்ன மருந்து சாப்பிடுகிறாளோ.

கண்ணாடிக் கடையில் முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கொஞ்ச நாளைக்குப் பின்னறையிலேயே இருந்துடேன் மஹ்லகா ஜான். பேச்சு அடங்கட்டும்." எப்போதும் போலப் பிரியமாக 'ஜான்' சேர்த்துத்தான் கூப்பிட்டார்; நல்ல மனிதர். அதனால்தான் அது அதிகம் வலித்தது. மறுநாள் முதல் அவள் முன்கூடத்திலேயே உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் மூக்குக்கு அளவெடுத்தாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்களுக்குக் கண் தெரிய வேண்டியிருந்தது.

யெகானேவை மஹ்லகா தன் ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் ஸஹ்பா, குட்டை முடி வைத்த ஐம்பது வயதுப் பெண், வளைத்துப் பேசத் தெரியாதவர். யெகானேவின் காகிதங்களைப் படித்தார். "முதல்ல பொட்டாசியமும் அழுத்தமும் பழையபடி ஆகணும். அதுக்கப்புறம் மனநல மருத்துவர் கடிதம் வேணும். அது இல்லாம நான் மருந்து எழுத முடியாது."

"எவ்வளவு நாள்?"

"வரிசை நீளம். ஆறு மாசம், ஏழு மாசம் ஆகலாம்."

யெகானே சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு. "சர்பத் ஆறு நிமிஷத்துல கிடைச்சுது டாக்டர்."

"தெரியும்," என்றார் டாக்டர் ஸஹ்பா. "அதைக் குடிச்சவங்க இந்த மாசத்துல நீ மூணாவது ஆள். வரிசையை நான் போடல. ஆனா அந்த வரிசையிலதான் நானும் சம்பளம் வாங்கறேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

ஏழு மாதம் ஆனது. மனநல மருத்துவரின் வாசலில் இருந்த செயலாளர் இரண்டு முறை தேதியைத் தள்ளினார். மூன்றாம் முறை, "அடுத்த மாசம் வாங்க" என்றபோது, மஹ்லகா ஒரு தெர்மாஸ் தேநீரையும் பொட்டலம் ரொட்டியையும் பைக்குள்ளிருந்து எடுத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம்வரை இங்கேயே இருக்கோம். உங்களுக்கும் ஒரு கோப்பை ஊத்தவா?" என்றாள். அந்த வாரமே தேதி கிடைத்தது. காஸெரூனிலிருந்து யெகானேவின் அப்பா ஒருமுறை போன் செய்து, கடிதம் கிடிதம் என்று ஊரில் கேள்விப்பட்டால் காலை உடைப்பேன் என்றார். "ஏற்கெனவே ஒரு தடவை போய்த் திரும்பி வந்த கால்தான் அப்பா," என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் டாக்டர் ஸஹ்பா மருந்துச் சீட்டை எழுதினார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒன்று, ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரை ஒன்று. மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனை என்று அடியில் கோடிட்டிருந்தார்.

முதல் மருந்துக்கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவதில் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்தார், யெகானேவைப் பார்த்தார், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "யாருக்கு இது? பொண்டாட்டிக்கா?" என்றார்.

மஹ்லகா வாயைத் திறந்தாள். யெகானே அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எனக்கு," என்றாள் யெகானே.

"இருப்பு இல்ல." அவர் சீட்டைத் திருப்பித் தள்ளினார். பிறகு, ஏதோ உதவி செய்பவர் போல, கல்லாவில் அடுக்கியிருந்த பாட்டில்களைத் தட்டிக் காட்டினார். "இதை எடுத்துக்கோயேன். மூலிகை. பக்கவிளைவே கிடையாது. நல்லா விக்குது."

யெகானே பாட்டிலைக் கையில் எடுத்தாள். திருப்பி, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்: அதிமதுரம். தன் குரலை நினைத்துப் பஸ்ஸில் பேசவே கூச்சப்படும் அந்தப் பெண் எழுப்பிய சத்தத்தில் வரிசையே திரும்பியது.

"நீங்க மருந்தாளுநர்தானே? சுவத்துல சான்றிதழ் மாட்டியிருக்கீங்க இல்ல? அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கும்னு உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா? எனக்கு நடைபாதையில படுக்கவெச்சு சொல்லிக்கொடுத்தாங்க. மூணு நாள் எரிஞ்சுது. டாக்டர் எழுதின மருந்தைக் கொடுக்க என் மூஞ்சியைப் பார்க்கறீங்க, இதைக் கொடுக்க யார் மூஞ்சியும் பார்க்க வேண்டாமா?"

மருந்தாளுநர் கணினித் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். வரிசையில் ஒரு பெரியவர், "அந்தப் பொண்ணு கேக்கறது சரிதானேய்யா," என்றார்.

வெளியே வந்து யெகானே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முகக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். "எனக்கு உள்ளெல்லாம் எரியுது மஹ்லகா ஜான்," என்றாள்.

"எனக்கும்தான். எழுந்திரு, பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கடையும் அடைச்சுடுவாங்க."

நான்காவது கடையில் மருந்து இருந்தது. கல்லாவில் இருந்த இளம்பெண் சீட்டை வாங்கினாள், அலமாரிக்குப் போனாள், இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். எந்த வேளை, சாப்பிட்டபின்பா முன்பா என்று பெட்டியின் மேல் பேனாவால் எழுதினாள். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால், நெஞ்சு வலித்தால், உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்றாள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள்.

"இல்ல," என்றாள் யெகானே. பெட்டிகளை வாங்கிக்கொண்டாள். பிறகு, "வேற ஒண்ணும் இல்ல, கானோம். நன்றி," என்று இன்னொரு முறை சொன்னாள். அந்தப் பெண் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.